இறந்தோர் பக்கத்தில் ஒரு பெயர்

தர்னோவோ, 3 பிப்ரவரி 1893

இல்லை அண்ணா, யாரும் உன்னைச் சபிக்கவில்லை. சோபியாவில் உன் காதுக்கு அப்படித்தான் வந்திருக்கும். அதனால் அதிலிருந்தே தொடங்குகிறேன். உடம்பு எப்படி இருக்கிறது? நான் நலம். யாந்த்ரா ஆறு இன்னும் உறைந்து கிடக்கிறது. பள்ளியில் விறகு தீர்ந்துவிட்டது. என் பிள்ளைகள் கையுறையோடு எழுதுகிறார்கள்.

சனிக்கிழமை ஆத்துமாக்களின் நாள். இறந்தோருக்காக அவித்த கோதுமையும் நம் வீட்டு நினைவேடும் எடுத்துக்கொண்டு கோயிலுக்குப் போனேன். அம்மாவின் அதே ஏடு. இடப்பக்கம் உயிரோடிருப்போர், வலப்பக்கம் இறந்தோர். சிமியோன் பாதிரியார் ஒவ்வொரு வீட்டு ஏடாக வாங்கி வலப்பக்கத்தைப் படித்தார். நம் ஏட்டில் அப்பா. பெரியப்பா. அடுத்து, துருக்கியருக்கு எதிரான எழுச்சி ஆண்டில் உன்னை அடக்கம் செய்தோம் என்று ஊர் நம்பிய அன்று அம்மா எழுதிய பெயர். மாத்தேய். கடைசியில் அம்மா.

நீ உயிரோடு திரும்பியதிலிருந்து அந்தப் பெயரை அவர் முணுமுணுத்துக் கடந்துபோவார். பக்கத்தில் நிற்பவருக்குக்கூடக் கேட்காது. இந்தக் குளிரில் அவருக்குக் காது போய்விட்டது. தன் குரல் தனக்குக் கேட்காததால் கத்துகிறார். "குன்செவ் வீட்டார். ஆண்டவரின் ஊழியன் மாத்தேய்!" விளக்குத் தூணருகே மாவட்ட ஆட்சியரின் மனைவி நின்றிருந்தாள்.

பின்னாலிருந்து ஒருத்தி, "ஐயையோ, அமைச்சர் எப்போ போனாரு? கோதுமை அவிக்கக்கூட நமக்குச் சொல்லி அனுப்பலியே!" என்றாள்.

"சும்மா இருடி, இன்னும் போகல. இடம் பிடிச்சு வைக்கிறாங்க."

முக்காட்டைக் கடித்துக்கொண்டு எத்தனை பேர் சிரித்தார்கள் என்று நான் திரும்பிப் பார்க்கவில்லை.

மதியத்துக்குள் பாதிரியாரைக் கூட்டிப்போய்விட்டார்கள். உயிரோடிருக்கும் அமைச்சருக்குச் சாவு ஜெபம் படித்தது அரசுக்கு எதிரான குற்றமாம். அவருக்கு எழுபத்தெட்டு வயது. நீ உள்துறை அமைச்சர். ஒரு வரி எழுதினால் கதவு திறக்கும். அந்தப் பெயர் ஏன் இன்னும் அங்கே இருக்கிறது என்று நான் உனக்குச் சொல்ல வேண்டியதில்லை.

குளிரில் வெளியே அலையாதே. உன் நலம் அறிய ஆவல்.

வெலிகா


சோபியா, 11 பிப்ரவரி

மதிப்பிற்குரிய ஆசிரியை அவர்களுக்கு,

தாங்கள் நலமாக இருப்பதாக அறிந்து அமைச்சர் அவர்கள் மகிழ்ச்சி கொள்கிறார். அவரும் நலம். பணிச்சுமை காரணமாக இந்தப் பதிலை எழுதும் பொறுப்பை என்னிடம் தந்தார்.

தாங்கள் குறிப்பிட்ட வழக்கு விசாரணையில் உள்ளது. சட்டம் உறவினரின் வேண்டுகோளுக்கும் பிறரின் வேண்டுகோளுக்கும் வேறுபாடு பார்ப்பதில்லை. சென்ற மாதம் ஓர் ஆயரையே அமைச்சர் தலைநகரைவிட்டு அனுப்பினார் என்பதைத் தாங்கள் செய்தித்தாளில் படித்திருப்பீர்கள்.

தங்கள் உடல்நலத்துக்கும் பள்ளியின் நலத்துக்கும் வாழ்த்துகளுடன்,

அசென் கிரோவ்
செயலர்


தர்னோவோ, 17 பிப்ரவரி

அண்ணா,

நலம். நீயும் நலம் என்று உன் செயலர் சொல்கிறார். அவருடைய கையெழுத்து மிக அழகு. என் மாணவிகளுக்குக் காட்டினேன்.

மன்னிப்பு ஞாயிறு வந்து போயிற்று. சிறியவர்கள் பெரியவர்கள் வீட்டுக்குப் போய்க் கையை முத்தமிட்டு மன்னிப்புக் கேட்டார்கள். பாதிரியார் வீட்டு வாசலிலும் ஆட்கள் நின்றார்கள். கதவு பூட்டியிருந்தது. பூட்டை முத்தமிட்டுவிட்டுப் போனார்கள். அதையும் காவலர் குறித்துக்கொண்டார்.

தோன்கா அக்கா என்னிடம் வந்தாள். என்னைவிட ஏழு வயது மூத்தவள். நான்தான் போயிருக்க வேண்டும்.

"என்னை மன்னிச்சிரு வெலிகா."

"ஆண்டவர் மன்னிப்பாரு. நீங்களும் என்னை மன்னிக்கணும்."

"உன்னை எதுக்கு? நீ எனக்கு என்ன செஞ்சே?"

சிரித்துக்கொண்டுதான் கேட்டாள். நான் அல்வாத் தட்டை நகர்த்தி வைத்தேன்.

உனக்கு மறந்திருக்காது. பெஞ்சோவின் மனைவி. உன்னோடு மலையேறிய தையற்கார பெஞ்சோ. எழுச்சி தோற்றதும் ருமேனியாவுக்கு ஓடிப்போனவன் என்று நீ சொன்ன பெஞ்சோ. அவள் இன்னும் மனைவிமார் கட்டும் வெள்ளை முக்காட்டோடுதான் இருக்கிறாள். கறுப்புக் கட்ட அவளுக்கு யாரும் அனுமதி தரவில்லை. தண்ணீர்த் துறையில் ஒருத்தி சொல்கிறாள்: "அவன் புக்கரெஸ்ட்ல பேரன் பேத்தி எடுத்திருப்பான். நீ இங்க முக்காட்டை வெளுத்துக்கிட்டே இரு."

பாதிரியாருக்கு இருமல். நீயாக எழுது. உன் கையெழுத்து அழகாக இல்லாவிட்டாலும் பரவாயில்லை.

உடம்பைப் பார்த்துக்கொள்.

வெலிகா


சோபியா, 27 பிப்ரவரி

அன்புள்ள வெலிகா,

நலம். தொண்டையில் மட்டும் கரகரப்பு. நாடாளுமன்றத்தில் நான்கு நாள் கத்தியதன் பலன். நாளை மறுநாள் மார்ச் பிறக்கிறது. நீ எனக்குச் சிவப்பும் வெள்ளையுமான நூல் திரித்து அனுப்பவில்லை. அம்மா இருந்தவரை ஒரு வருடமும் தவறியதில்லை.

கோபப்படாதே. எனக்கும் அந்தக் கிழவரைப் பிடிக்கும். இருபது வயதில் நான் சாமிப்படம் விற்பவன் வேடத்தில் ஊர் ஊராகச் சுற்றி ஆள் சேர்த்தபோது, பெட்டியில் மேலே வைக்கப் படங்கள் கொடுத்தவர் அவர். அடியில் துப்பாக்கி. ஆனால் இங்கே நிலைமை வேறு. எதிர்க்கட்சிப் பத்திரிகை என்னைச் சவப்பெட்டியில் படுக்க வைத்துப் படம் போட்டிருக்கிறது. கீழே, "தர்னோவோவில் முன்பே தெரியும்." நான் இப்போது அவரைச் சும்மா விட்டால், நாளை நாட்டிலுள்ள ஒவ்வொரு கோயிலிலும் என் பெயர் வலப்பக்கத்துக்கு வரும். ஐந்நூறு வருடம் அடிமையாக இருந்த நாடு இது. பதினைந்து வயதுப் பிள்ளை மாதிரி இருக்கிறது. கையை விட்டால் ஓடிவிடும், இறுக்கிப் பிடித்தால் கடிக்கும். நான் கடி வாங்கத் தயார்.

ஒரு வழி இருக்கிறது. "தவறுதலாகப் படித்தேன்" என்று அவர் ஒரு வரியில் கையெழுத்துப் போட்டால் போதும். நீ போய்ச் சொல்.

அந்த ஏடு எங்கே இருக்கிறது? உன்னிடமா?

பள்ளிக்கு இரண்டு வண்டி விறகு அனுப்பச் சொல்லியிருக்கிறேன். நீ நன்றாகச் சாப்பிடுகிறாயா?

மாத்தேய்


தர்னோவோ, 8 மார்ச்

அண்ணா,

விறகு வந்தது. நூல் இதோடு வைத்திருக்கிறேன். இடது மணிக்கட்டில் கட்டிக்கொள். நான் நலம், தூக்கம் மட்டும் இல்லை.

பாதிரியாரைப் பார்த்தேன். துருக்கியர் கட்டிய அதே சிறை. எழுச்சிக்கு முன் உன்னை அடைத்த அதே அறையாம். காவலர் அதைப் பெருமையாகச் சொன்னார். காது கேட்காதவரிடம் ரகசியம் பேச முடியாதே என்று பள்ளியிலிருந்து ஒரு சிலேட்டு கொண்டுபோனேன். நீ சொன்ன வரியை எழுதிக் காட்டினேன்.

"தப்பாவா படிச்சேன்?" என்று கத்தினார். "அம்பது வருஷமா படிக்கிறேன். ஒரு பேரைத் தப்பாப் படிச்சதில்ல!"

காவலர் கதவைத் தட்டினார். "டீச்சரம்மா, கொஞ்சம் மெதுவாப் பேசச் சொல்லுங்க. சந்தை வரைக்கும் கேக்குது."

சிலேட்டைத் துடைத்துவிட்டு எழுதினேன்: யாருக்காகப் படித்தீர்கள்? அவர் அதைத் தன் கையாலேயே அழித்தார்.

"அது உங்கம்மா பாவசங்கீர்த்தனத்துல சொன்னது. என் வாய்க்கு ஆண்டவர் பூட்டுப் போட்டிருக்காரு. உன் வாய்க்கு யாரு பூட்டு போட்டது?"

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அதே கேள்வி. சரி. எழுதுகிறேன்.

எனக்குப் பதினாறு. வண்டியில் கொண்டுவந்து இறக்கினார்கள். முகம் என்று ஒன்றும் இல்லை. கோட்டு உன்னுடையது. நரித்தோல் காலர். உள்பையில் உன் பெயர் எழுதிய சீட்டு. அம்மாவும் நானும் கழுவினோம். அம்மா இடது கையை எடுத்தாள். சுட்டுவிரலின் நுனி இல்லை. பழைய தழும்பு. தையற்கடைக் கத்தரியில் பெஞ்சோ விட்ட நுனி. அம்மா என்னைப் பார்த்தாள். வாசலில் சிப்பாய்கள் காத்திருந்தார்கள். உன்னைத் தேடுவதை நிறுத்தலாமா என்று தெரிந்துகொள்ள.

"என் பிள்ளைதான்" என்று அம்மா அலறினாள். அழுகை பொய்யில்லை. பெயர்தான் பொய்.

இரண்டு வருடம் கழித்து நீ கொடிகளுக்கு நடுவே திரும்பி வந்தாய். வழியில் குளிரில் நடுங்கிய யாரோ ஒருவனுக்கு அந்தக் கோட்டைக் கழற்றிக் கொடுத்தேன் என்றாய். பெஞ்சோ ஓடிவிட்டான் என்றாய். அம்மா உன் தட்டில் சூப் ஊற்றினாள். கேட்கவில்லை. ஏட்டில் உன் பெயரை அடிக்கவும் இல்லை. கல்லறையில் கிடந்தவனுக்கு அந்த ஒரு பெயர்தான் இருந்தது. அதையும் அடித்துவிட்டால் அவனுக்கு யார் ஜெபிப்பது? அம்மா போன பிறகு நான் ஏட்டைத் தூக்கிக்கொண்டு போனேன், ஒவ்வொரு வருடமும், தோன்கா அக்காவுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு.

அம்மா கேட்காததை நான் கேட்கிறேன். உன் கோட்டு அவன் மேல் எப்படி வந்தது?

தொண்டைக்குத் தேனும் வெந்நீரும் குடி.

வெலிகா


சோபியா, 24 மார்ச்

வெலிகா,

தொண்டை சரியாகிவிட்டது. நூலைக் கட்டிக்கொண்டேன். உன் கடிதத்தை எரித்துவிட்டேன். நீயும் என் கடிதங்களை எரி.

அடுத்த வாரம் கேப்டன் ஸ்தாமென் உன் வீட்டுக்கு வருவார். ஏட்டை அவரிடம் கொடு.

நலமாக இரு.

மா.


தர்னோவோ, 3 ஏப்ரல்

அண்ணா,

கிறிஸ்து உயிர்த்தெழுந்தார். முட்டைகளுக்குச் சிவப்புச் சாயம் இந்த வருடம் நன்றாகப் பிடித்தது. முதல் முட்டையை உன் பெயரைச் சொல்லி எடுத்து வைத்தேன். நலமாக இருக்கிறாய் என்று நம்புகிறேன்.

கேப்டன் வந்தார். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துத் திருகிக்கொண்டே நின்றார்.

"டீச்சர், எனக்கு ஞானஸ்நானம் கொடுத்தவரே நம்ம பாதிரியாருதான். இப்ப வீட்டைச் சோதிக்கணும்னு உத்தரவு."

"சோதிங்க."

"எந்தப் பக்கம் சோதிக்கக் கூடாதுன்னு சொல்லிடுங்க. அந்தப் பக்கம் நான் போகல."

அலமாரியைக் காட்டினேன். அவர் அடுக்களைக்குப் போய் மாவுப் பானையைத் திறந்து பார்த்தார். ஒரு முட்டையை உடைத்துத் தின்றார். "கிடைக்கவில்லை" என்று எழுதிக்கொண்டு போனார். அவர் மேல் கோபப்படாதே. நீ வேட்டையாடப்பட்ட காலத்தில் இந்த ஊர் இப்படித்தான் உன்னைத் தேடியது.

நான்காம் வகுப்புப் பாடநூலில் உன் பாடம் வந்துவிட்டது. "மாத்தேய் குன்செவ் மலையைக் கடந்தது." படமும் இருக்கிறது. பனி, நிலவு, நீ. ஒரு சிறுமி கேட்டாள்: "டீச்சர், இந்தப் பனியில கோட்டே இல்லாமப் போறாரே, கோட்டு எங்க?" அடுத்த மாதம் நடத்துகிறேன் என்று பக்கத்தைத் திருப்பிவிட்டேன்.

இப்படித்தான் பதினேழு வருடமும் திருப்பியிருக்கிறேன்.

பாதிரியார் இருமும்போது ரத்தம் வருகிறது. மே மாதம் அடுத்த ஆத்துமாக்களின் சனிக்கிழமை. அதற்குள் அவரை விடு. இல்லாவிட்டால் நான் பேசுவேன்.

வெலிகா


சோபியா, 25 ஏப்ரல்

அன்புள்ள வெலிகா,

நான் நலம். அந்தச் சொல்லை எழுதக் கை கூசுகிறது. அசென் போய்விட்டான். கையெழுத்து அழகாக இருந்த என் செயலர். பதினைந்தாம் தேதி மாலை இருவரும் அலுவலகத்திலிருந்து நடந்து வந்தோம். மழை. நான் சுவரோரம் ஒதுங்கி நடந்தேன். என் குடையை அவன் பிடித்திருந்தான். குடை பிடித்தவன்தான் அமைச்சர் என்று நினைத்துவிட்டார்கள். மூன்று குண்டு. அவனுக்கு இருபத்தாறு வயது.

அதன் பிறகு ஓர் அறையில் என்னால் உட்கார முடியவில்லை. எழுகிறேன், அடுத்த அறைக்குப் போகிறேன், திரும்பி வருகிறேன். மனைவி சொல்கிறாள், "எதைத் தேடறீங்க? சொன்னா நானும் தேடுவேன்ல?"

ஒட்டிய உறை ஒன்று இதோடு வருகிறது. நான் இறந்த பிறகு பிரி. அதிக நாள் காத்திருக்க வேண்டியிராது. நீ கேட்டது அதில் இருக்கிறது. அதுவரை யாரிடமும் பேசாதே. ஏட்டை அனுப்பு. அது என் கைக்கு வரும் நாளில் பாதிரியார் வீட்டுக்குப் போவார். இது பேரமா என்று கேட்பாய். பேரம்தான்.

உன் தூக்கம் எப்படி இருக்கிறது?

மாத்தேய்


(உறைக்குள்)

சோபியா, 19 ஏப்ரல்

தோன்கா,

உன் நலம் கேட்டுத் தொடங்க எனக்குத் தகுதி இல்லை.

நாங்கள் ஒன்பது பேர் மலையேறினோம். கடைசியில் நானும் அவனும். ஓர் ஆட்டுப் பட்டியில் ஒளிந்திருந்தோம். மலையில் அந்த மே மாதம் பனி. அவனுக்குக் காய்ச்சல். என் கோட்டைக் கழற்றிக் கொடுத்தேன். "உனக்குக் குளிராதா அண்ணே?" என்று கேட்டான். என்னைத் தேடும் அறிவிப்பில் அந்த நரித்தோல் காலர் எழுதப்பட்டிருந்தது எனக்குத் தெரியும். அவனுக்குத் தெரியாது.

"நீ ஆலைப் பாதையில போ. நான் பின்னாடியே வரேன்" என்றேன். ஆலையில் சிப்பாய்கள் இருந்தார்கள். அதுவும் எனக்குத் தெரியும்.

நான் மறுபக்கம் இறங்கினேன். சத்தம் கேட்டது. நிற்கவில்லை.

இறந்தான் என்று சொன்னால் எங்கே, எந்த உடையில் என்று கேட்பார்கள். அதனால் ஓடிவிட்டான் என்றேன். சொல்லிச் சொல்லி நானே நம்பிய நாட்களும் உண்டு. என்னைவிட்டு ஓடினானே என்று அவன் மேல் கோபம்கூட வந்திருக்கிறது.

குன்செவ் வீட்டுக் கல்லறையில், ஆற்றைப் பார்த்தபடி, என் பெயருக்குக் கீழே கிடப்பவன் உன் கணவன்.

மாத்தேய் குன்செவ்


தர்னோவோ, 16 மே

அண்ணா,

ஆமாம், பிரித்துவிட்டேன். நீ இறந்த பிறகு பிரிக்கச் சொல்லியிருந்தாய். நம் ஏட்டின்படி நீ இறந்து பதினேழு வருடம் ஆகிறது.

நான் நலமா என்று தெரியவில்லை. எழுதி முடித்த பிறகு தெரியலாம். அசெனுக்காக மெழுகுவர்த்தி ஏற்றினேன். அவன் கையெழுத்தைக் கேலி செய்ததற்கும் சேர்த்து.

வியாழக்கிழமை தோன்கா அக்கா வீட்டுக்குப் போனேன். சனிக்கிழமைக்காகச் செர்ரிப் பழம் ஆய்ந்துகொண்டிருந்தாள். அவளுக்குப் படிக்கத் தெரியாது. நான்தான் படித்துக் காட்டினேன். கை நிற்கவில்லை, ஆய்ந்துகொண்டே இருந்தாள்.

"காய்ச்சலா இருந்துச்சா அவருக்கு?"

"ஆமாக்கா."

"அந்தக் கோட்டு கதகதப்பா இருந்திருக்குமா?"

"இருந்திருக்கும்."

கடைசிப் பழத்தை ஆய்ந்து வைத்துவிட்டுச் சொன்னாள்: "பதினேழு வருஷம் அந்த மனுஷனைத் திட்டியிருக்கேன். தினமும். உப்பு வாங்கப் போற வழியிலகூட." பிறகு நிமிர்ந்து, "உனக்கு எப்போலேருந்து தெரியும்?" என்றாள்.

"பதினாறு வயசுலேருந்து."

எழுந்து கதவைத் திறந்து பிடித்தாள். நான் வெளியே வந்தேன். நான் அவளுக்கு என்ன செய்தேன் என்று மன்னிப்பு ஞாயிறன்று அவள் கேட்டதற்கு, தெரிந்தும் சொல்லாததுதான் பதில்.

சனிக்கிழமை காலை என் வாசலில் நின்றாள். கறுப்பு முக்காடு. கையில் கோதுமைத் தட்டு, செர்ரி. "நட" என்றாள். ஏட்டை மேசையில் விரித்து, அம்மாவின் எழுத்தில் இருந்த உன் பெயரை ஒரு கோட்டால் அடித்தேன். அதற்கு மேலே பெஞ்சோ என்று எழுதினேன். அவள் எழுத்தைத் தொட்டுப் பார்த்தாள். விரலில் மை ஒட்டியது.

புதிதாக வந்திருக்கும் இளம் பாதிரியார் தெளிவாகப் படித்தார். "குன்செவ் வீட்டார். ஆண்டவரின் ஊழியன் பெஞ்சோ." இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. பெண்கள் தோன்காவின் தலையைப் பார்த்தார்கள், பிறகு என்னை. துறையில் வம்பு பேசுகிறவள்தான் முதலில் வந்து அவள் தட்டிலிருந்து கோதுமை எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள்.

அங்கிருந்து இருவரும் ஆட்சியரிடம் போனோம். உன் கடிதத்தை இரண்டு முறை படித்தார். வியர்த்துவிட்டது.

"டீச்சர், இதை நான் பார்க்கலன்னு வைச்சுக்கலாமா?"

"நீங்க பார்க்கலன்னா என்ன, நான் கேட்டுட்டேனே" என்றாள் தோன்கா. "பாதிரியார் செத்தவனுக்குத்தான் படிச்சாரு. செத்தவன் என் புருஷன். இதுல குத்தம் எங்க இருக்கு? சொல்லுங்க, நான் இங்கேயே உக்காந்திருக்கேன்."

உட்கார்ந்துவிட்டாள், தட்டை மடியில் வைத்துக்கொண்டு. அவர் உனக்குத் தந்தி அடித்தார். இன்று ஞாயிறு. பதில் இல்லை. அவள் இன்னும் அந்த நாற்காலியில்தான் இருக்கிறாள். நான் ரொட்டி கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்து இதை எழுதுகிறேன்.

வெலிகா


தந்தி. சோபியா, 18 மே

பாதிரியாரை விடச் சொல்லிவிட்டேன். கடிதம் தோன்காவிடமே இருக்கட்டும். உன் நலம் கேட்கிறேன். மாத்தேய்


(தந்தியின் பின்பக்கத்தில், பென்சிலால்)

19 மே. பாதிரியார் வீடு வந்தார். இருமுகிறார், கத்துகிறார். தோன்கா இன்னும் என்னோடு பேசவில்லை. பள்ளிக்குக் கிளம்புமுன் ஏட்டைத் திறந்து, இடப்பக்கத்தில், உயிரோடிருப்போரில், மாத்தேய் என்று எழுதினேன். மை காயும்வரை நின்றேன். பிறகு பள்ளிக்குப் போய், நான்காம் வகுப்பில், அந்தப் பாடத்தை, அந்தச் சிறுமி கேட்ட நரித்தோல் கோட்டிலிருந்து தொடங்கி நடத்தினேன்.